தானே வாசிக்கும் பியானோவும் ஆடியோ சிடியும் ஒன்றாக ஓட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தானே வாசிக்கும் பியானோவை வாங்கிய எவருக்கும் சில நாட்களில் ஓர் ஆசை வந்துவிடும். அலமாரியில் இருக்கும் ஒரு சிடியைப் போட்டால், அதில் பாடகரும் வயலினும் தாளக்கருவிகளும் ஒலிக்க, பியானோ பகுதியை மட்டும் நம் கூடத்துப் பியானோ உண்மையான கம்பிகளில் வாசிக்க வேண்டும். செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் எங்கே பிசகுகிறது என்று புரியாமல் பலர் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக இதே வேலையாக இருந்ததில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

சிடி பிளேயரையும் பியானோவையும் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டால் போதாதா?

போதாது. சிடி பிளேயரில் பொத்தானை அழுத்தியதும் ஒலி வந்துவிடுவதில்லை. தட்டு சுழன்று வேகம் பிடிக்க வேண்டும், லேசர் பாட்டின் தொடக்கத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். இரண்டு கைகளால் இரண்டு பொத்தான்களை அழுத்தும்போது நம் விரல்களே ஒன்றுக்கொன்று பிந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, பியானோ தன் அளவில் ஒரு தாமதத்தை வைத்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

பியானோவுக்கு ஏன் தாமதம்? அது மின்சாரத்தில்தானே ஓடுகிறது?

கட்டையைத் தள்ளுவது மின்சாரம். ஒலி எழுப்புவது மரமும் கம்பளிச் சுத்தியலும் கம்பியும். ஒவ்வொரு கட்டையின் பின்முனைக்கு அடியிலும் ஒரு சாலினாய்டு இருக்கிறது. 88 கட்டைக்கு 88. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே இருக்கும் தண்டு மேலெழுந்து கட்டையின் பின்முனையைத் தூக்குகிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் மனிதர் வாசிக்கும்போது நடப்பதேதான். நெம்புகோல்கள் அசைந்து, சுத்தியல் எழுந்து, கடைசித் தூரத்தைத் தன் வேகத்திலேயே பறந்து கடந்து, கம்பியை அடிக்கிறது.

உரக்க வாசிக்க வேண்டுமானால் சுத்தியல் வேகமாகப் போக வேண்டும். வேகமாகப் போனால் சீக்கிரம் சேர்ந்துவிடும். மெல்ல வாசிக்க வேண்டுமானால் மெதுவாகத்தான் போக வேண்டும். ஓங்கி அடிக்கும் சுரம், கட்டை அசையத் தொடங்கியதிலிருந்து 20, 30 மில்லி நொடிக்குள் ஒலித்துவிடும். மிக மென்மையான சுரத்துக்கு 150 மில்லி நொடிக்கு மேலும் ஆகலாம். அதாவது ஒரே கணத்தில் இரண்டு கட்டைகளுக்கு ஆணை கொடுத்தால், பலமானது முன்னாலும் மென்மையானது பின்னாலும் கேட்கும். பியானோ கலைஞரின் விரல்களுக்கு இது பழக்கத்தில் தெரியும். மென்மையான சுரத்தை அவர் கொஞ்சம் முன்கூட்டியே தொடங்குகிறார். இயந்திரத்துக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

யமஹாவின் தானே வாசிக்கும் பியானோவான டிஸ்க்ளேவியர் இதற்கு எளிய வழி ஒன்றை வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் எல்லா ஆணைகளையும் 500 மில்லி நொடி, அதாவது அரை நொடி, கையில் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிக்குள் எந்தச் சுரம் மென்மையானது, எது பலமானது என்று பார்த்து, மென்மையானதை முன்னதாகவும் பலமானதைப் பின்னதாகவும் தள்ளுகிறது. எல்லாச் சுரங்களும் சரியாக அரை நொடி தாமதமாக, ஆனால் தங்களுக்குள் பிசகாமல் ஒலிக்கின்றன.

ஆகவே நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதுதான்: பியானோவை விரட்டாதீர்கள், சிடியைக் காத்திருக்கச் செய்யுங்கள். ஒலியை அரை நொடி பின்தள்ளினால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும்.

அந்தத் தாமதத்தை அணைத்துவிடலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறதே?

அணைக்கலாம். அந்த வசதி வேறொரு கருவியிலிருந்து நேரடியாக வாசிப்பவர்களுக்கு. கட்டையைத் தொட்டு அரை நொடி கழித்து ஒலி வந்தால் யாராலும் வாசிக்க முடியாது. சிடியோடு சேர்க்கும்போது அணைத்தால் மென்மையான சுரங்கள் எல்லாம் தாளத்துக்குப் பின்னால் இழுபடும். அணைக்காதீர்கள்.

என் டிஸ்க்ளேவியரிலேயே சிடி டிரைவ் இருக்கிறது. எனக்கு இந்தத் தொல்லை உண்டா?

பெரும்பாலும் இல்லை. யமஹா 2000-களின் தொடக்கத்தில் பியானோஸ்மார்ட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. கடையில் விற்கும் சாதாரண சிடி ஒன்றுக்குப் பொருத்தமான பியானோ வாசிப்பு, ஒரு மிடி கோப்பாக (எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு பலமாக அழுத்துவது என்ற ஆணைகளின் பட்டியலாக) தனியே இருக்கும். சிடியைப் போட்டதும் கருவி அதை அடையாளம் கண்டு, தன்னிடம் அதற்கு ஏற்ற கோப்பு இருந்தால் சேர்த்து ஓட்டும். தாமதக் கணக்கையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட சாதாரண சிடிக்குள் பியானோவுக்கான ஆணை எதுவும் கிடையாது என்பதை மனத்தில் வையுங்கள். ஆனால் அதில் ஒரு கடிகாரம் இருக்கிறது. ஆடியோ சிடியின் ஒவ்வொரு நொடியும் 75 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் 588 ஒலி மாதிரிகள், மொத்தம் நொடிக்கு 44,100. ஒலியோடு கூடவே துணைக்குறியீடு என்ற பகுதியும் ஓடுகிறது. எந்தப் பாட்டு, எத்தனை நிமிடம், எத்தனை நொடி, எத்தனையாவது துண்டு என்பது அதில் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். பிளேயரின் திரையில் ஓடும் எண்கள் அங்கிருந்துதான் வருகின்றன. சிடியோடு பியானோவை ஓட்டும் கருவிக்கு இந்தக் கடிகாரமே தாளம் போடும் கை.

சிடியும் அதே சிடி, கோப்பும் அதற்கானதுதான். ஆனாலும் முழுப் பாட்டும் ஒரே அளவில் பியானோ முன்னே ஓடுகிறதே?

“முழுப் பாட்டும் ஒரே அளவில்” என்பதுதான் துப்பு. உங்கள் சிடி வேறு பதிப்பாக இருக்கும். அட்டைப்படம் ஒன்றாக இருந்தாலும், ஐரோப்பாவில் அச்சிட்டதிலும் ஜப்பானில் அச்சிட்டதிலும், பிறகு மறுபதிப்பாக வந்ததிலும், பாட்டின் தொடக்கத்துக்கு முன்னுள்ள மௌனத்தின் நீளம் மாறலாம். கால் நொடி மாறினாலே எடுப்பு தவறிய பாட்டு மாதிரி கடைசிவரை தாளத்தில் உட்காராது. தொடக்கத்தை முன்பின் நகர்த்தும் அமைப்பைக் கையேட்டில் பியானோஸ்மார்ட் பகுதியில் தேடுங்கள். தாளக்கருவி தெளிவாக விழும் ஓர் இடத்தை வைத்துச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஒரு பாட்டுக்குச் சரியான அளவு அடுத்த பாட்டுக்கும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மறுபதிப்பில் ஒவ்வொரு பாட்டின் இடைவெளியையும் தனித்தனியே மாற்றியிருக்கலாம்.

பியானோவுக்கென்றே விற்ற சிடியைச் சாதாரணப் பிளேயரில் போட்டால் ஒரு பக்க ஸ்பீக்கரில் கிறீச்சென்று ஃபேக்ஸ் மெஷின் சத்தம் கேட்கிறது. சிடி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அந்தச் சத்தம்தான் பியானோ வாசிப்பு.

இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆடியோ சிடியில் இடம், வலம் என்று இரண்டு பாதைகள் உண்டு. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் தொடங்கிய பியானோடிஸ்க் நிறுவனமும், 1900-இல் தொடங்கிக் காலங்காலமாகத் தானே வாசிக்கும் பியானோக்களுக்கான காகிதச் சுருள் தயாரித்துவந்த க்யூஆர்எஸ் நிறுவனத்தின் பியானோமேஷனும் ஒரே தந்திரத்தைக் கையாண்டன. ஒரு பாதையில் துணை இசை. மற்றொன்றில் மிடி ஆணைகள், பழைய தொலைபேசி மோடம் போல உயர்ந்தும் தாழ்ந்தும் மாறும் ஒலியாக. பியானோவிலுள்ள பெட்டி அந்த ஒலியைக் கேட்டு ஆணையாக மாற்றிக் கட்டைகளை ஓட்டுகிறது. இசையும் ஆணையும் ஒரே தட்டில், ஒரே பள்ளத்தில், ஒரே சுழற்சியில் இருப்பதால் பாட்டு எத்தனை நிமிடம் ஓடினாலும் இரண்டும் பிரியவே வழியில்லை.

இதற்கு விலையும் உண்டு. துணை இசை ஒற்றைப் பாதையில்தான் கிடைக்கும், ஸ்டீரியோ கிடையாது. இன்னொன்று: இந்தச் சிடிகளைக் கணினியில் ஏற்றினால் எம்பி3 ஆக மாற்றாதீர்கள். எம்பி3 காதுக்குத் தேவையில்லாததை வீசிவிடும் முறை. இரண்டு பாதைகளுக்கும் பொதுவானதைச் சேர்த்து எழுதும் பழக்கமும் அதற்கு உண்டு. காது பொறுத்துக்கொள்ளும், ஆணையைப் படிக்கும் பெட்டி பொறுக்காது. நடுவில் சுரங்கள் விழுந்துபோகும், சில கட்டைகள் அழுத்தியபடியே நின்றுவிடும். ஒலியில் எதையும் வீசாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக வைத்தால் ஒரு குறையும் வராது. ஸ்பீக்கர் பக்கம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள், ஈக்வலைசர் போன்றவற்றையும் ஆணைப் பாதையில் குறுக்கே வைக்காதீர்கள்.

என் பியானோவில் சிடி வசதி எதுவுமில்லை. மிடி உள்ளீடு மட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கணினி போதும். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே நல்ல வழியும் இதுதான்.

உங்களிடம் உள்ள சிடியிலிருந்து பாட்டை வேவ் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ரீப்பர், லாஜிக் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றில் அதை ஒரு தடத்தில் வையுங்கள். பியானோவின் மிடி கோப்பை அடுத்த தடத்தில் வையுங்கள். முதலில் பியானோவை மறந்துவிட்டு, கணினிக்குள்ளேயே ஒரு மென்பொருள் பியானோ ஒலியை வைத்து இரண்டையும் பொருத்துங்கள். அங்கே தாமதம் மிகக் குறைவு என்பதால் உங்கள் காது சொல்வதை நம்பலாம். அது சரியான பிறகு மிடி தடத்தை உண்மையான பியானோவுக்குத் திருப்பிவிட்டு, ஒலித்தடத்தை மட்டும் அரை நொடி பின்னால் நகர்த்துங்கள். வேறு வகைப் பியானோவானால் அந்த அளவு வேறாக இருக்கும். கீழே சொல்கிறபடி அளந்துகொள்ளுங்கள்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். கோப்பின் பிழையும் பியானோவின் தாமதமும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எது எதனால் என்று பிரிக்க முடியாது. இப்படிக் குழப்பிக்கொண்டு ஒரு மாதத்தை வீணாக்கியவன் நான்.

தாமதத்தை எப்படி அளப்பது?

நொடிக்கு ஒரு ‘டிக்’ ஒலிக்கும் தடம் ஒன்றைச் செய்யுங்கள். அதே நேரங்களில் பியானோவின் நடு C சுரம் ஒலிக்கும் மிடி தடத்தை அடுத்து வையுங்கள். இரண்டையும் ஓடவிட்டு, பியானோவுக்கும் ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் கைபேசியை வைத்துப் பதிவு செய்யுங்கள். பதிவை அடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்தால் டிக்கும் சுரமும் தனித்தனி முகடுகளாகத் தெரியும். இடைவெளியை மில்லி நொடியில் படித்துக்கொள்ளலாம்.

ஒருமுறை பலமாகவும் ஒருமுறை மென்மையாகவும் செய்யுங்கள். மிடியில் பலம் 1 முதல் 127 வரை. 100-இலும் 35-இலும் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் பியானோ தன் தாமதத்தைத் தானே சமன் செய்துகொள்கிறது. மென்மையானது வெகுவாகப் பிந்தினால், ஒலித்தடத்தை நகர்த்துவது மட்டும் போதாது. பியானோவின் அளவீட்டு அமைப்பைத் தொழில்நுட்பர் ஒருவர் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எவ்வளவு பிசகினால் காதுக்குத் தெரியும்?

நல்ல கலைஞர்கள் மூவர் சேர்ந்து வாசிக்கும்போதே அவர்களுக்குள் 30 முதல் 50 மில்லி நொடி வரை முன்பின் இருக்கும். அது கச்சேரியின் உயிர், யாரும் குறையாகக் கேட்பதில்லை. எனவே 20 மில்லி நொடிக்குள் கொண்டுவந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒலி மூன்றரை மீட்டரைக் கடக்கவே சுமார் 10 மில்லி நொடி ஆகிறது. நாற்காலியை நகர்த்தினாலே உங்கள் அளவு மாறிவிடும். ஸ்பீக்கரைப் பியானோவின் அருகில், முடிந்தால் அதன் அடியிலோ பக்கத்திலோ வைப்பது எவ்வளவோ நல்லது. எல்லா ஒலியும் ஒரே திசையிலிருந்து வரும்போது காது எளிதில் ஒன்றுசேர்த்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகுகிறது. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, இரண்டு கடிகாரங்கள். சிடி பிளேயருக்கு ஒரு குவார்ட்ஸ் படிகம், பியானோவுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகலாம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிசகினால் 5 நிமிடப் பாட்டின் முடிவில் 30 மில்லி நொடி, இது தெரியாது. ஆனால் ஒரு மணி நேரச் சிடியை நிறுத்தாமல் ஓட்டினால் மூன்றில் ஒரு நொடிக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் புதிதாகச் சேர்த்தால் தீரும். கணினியில் இரண்டு தடங்களும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் இந்தத் தொல்லையே வராது.

இரண்டாவது காரணம்தான் பெரும்பாலும் குற்றவாளி. மிடி கோப்பு நிமிடத்துக்கு 96 தட்டு என்று இம்மி பிசகாத காலப்பிரமாணத்தில் இருக்கும். சிடியில் வாசித்தவர்கள் மனிதர்கள். சரணத்தில் கொஞ்சம் ஓடியிருப்பார்கள், முடிவில் இழுத்திருப்பார்கள். ஒரு வரிக்கு ஒரு வரி அதைப் பின்தொடர்ந்து மிடியின் காலப்பிரமாணத்தை மாற்றியாக வேண்டும். பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விசையைத் தட்டினால் மென்பொருள் காலப்பிரமாண வரைபடம் ஒன்றை உருவாக்கித் தரும். பிறகு ஆவர்த்தனத்தின் முதல் தட்டுகளை மட்டும் கையால் திருத்துங்கள். ஒவ்வொரு தட்டையும் ஒட்ட வைத்தால் பாட்டு விறைத்துப்போகும். நான்கு நிமிடப் பாட்டுக்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடிக்கும். அந்த உழைப்பைத் தவிர்க்க வழி தெரியவில்லை, தவிர்க்க விருப்பமும் இல்லை.

ப்ளூடூத் ஸ்பீக்கர் வைக்கலாமா?

வேண்டாம். 100, 200 மில்லி நொடி அதிலேயே போய்விடும். அதுவும் நாளுக்கு நாள் மாறும். கம்பி போடுங்கள்.

சிடியை எம்பி3 ஆக்கி ஓட்டினால் கொஞ்சம் பிந்துகிறதே?

எம்பி3 ஆக்கி மீண்டும் ஒலியாக்கும்போது முன்னால் சிறிது மௌனம் சேர்ந்துவிடும். பரவலாகப் பயன்படும் லேம் மென்பொருளில் அது 1,105 மாதிரிகள், ஏறத்தாழ 25 மில்லி நொடி. சில பிளேயர்கள் அதை வெட்டிவிடும், சில வெட்டாது. சிடியைக் கையில் வைத்துக்கொண்டு எம்பி3-க்குப் போவானேன்?

தாளம் பொருந்திவிட்டது, ஆனாலும் கேட்க நாராசமாக இருக்கிறது.

சுருதி. சிடியின் சுருதி உறைந்தது, பியானோவின் சுருதியோ காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது. சிடி 442 ஹெர்ட்ஸில் பதிவாகி, பியானோ 440-இல் இருந்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி அலைபாயும். கணினியில் ஓட்டுபவர்கள் சிடி ஒலியின் சுருதியை வேகம் மாறாமல் சற்றே இறக்கிக்கொள்ளலாம். ஒரு சிடிக்காகப் பியானோவை ஏற்றி இறக்கச் சொல்லாதீர்கள். 200-க்கும் மேற்பட்ட கம்பிகளின் இழுவிசையை மாற்றினால் அது நிலைக்க வாரக்கணக்காகும். பியானோவை 440-இல் முறையாக வைத்திருங்கள், சிடியை அதற்கு வரச் செய்யுங்கள்.

சிடியிலேயே பியானோவும் இருந்தால்?

இரண்டு பியானோ கேட்கும். மிக நெருக்கமாகப் பொருந்தினால் ஒரே பியானோ தடித்து ஒலிப்பதாகத் தோன்றும். சற்றுப் பிசகினால் ஒவ்வொரு சுரமும் இரட்டையாகும். பியானோ இல்லாத, அல்லது பின்னணியில் மெல்ல இருக்கும் பதிவுகளைத் தேர்ந்தெடுப்பதே மேல். கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள பதிவுகள் அருமையாக அமையும். பியானோவுக்குப் புதிதாக ஒரு பகுதி எழுதிச் சேர்க்கலாம்.

பழைய சிடியில் இருக்கும் கலைஞரின் வாசிப்பையே பியானோவில் எழுப்ப முடியுமா?

முடியும் என்று ஒருமுறை காட்டினார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்த ஜென்ஃப் நிறுவனம், பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955-இல் பதிவு செய்த, இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் ஒலியை ஆராய்ந்து, ஒவ்வொரு சுரத்தின் நேரத்தையும் பலத்தையும் மிதிகட்டையின் அசைவையும் எண்களாக்கியது. 2006-இல் டொராண்டோவில் டிஸ்க்ளேவியர் ப்ரோ ஒன்று அதை மேடையில் வாசித்தது. பதிவு அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஆனால் அது தனிப் பியானோ. பல கருவிகள் கலந்த சிடியிலிருந்து பியானோவை இந்த நுட்பத்தோடு பிரித்தெடுப்பதை வீட்டில் எதிர்பார்க்காதீர்கள்.

புதுப் பியானோக்களில் சிடி டிரைவே இல்லையாமே?

ஆமாம். 2016-இல் வந்த டிஸ்க்ளேவியர் என்ஸ்பயரிலும் இல்லை, 2015-இல் வந்த ஸ்டைன்வே ஸ்பிரியோவிலும் இல்லை. இசையும் ஆணையும் வலைவழி வந்துவிடுகின்றன. உங்கள் சிடிகளோடு வாழ விரும்பினால் மேலே சொன்ன கணினி வழிதான்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய டிஸ்க்ளேவியர் வாங்கலாமா?

வாங்கலாம், முதலில் பின்பக்கம் மின்னழுத்தம் எழுதியிருக்கும் தகட்டைப் படியுங்கள். ஜப்பானில் 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230. நேராகச் செருகினால் கட்டுப்பாட்டுப் பெட்டி போய்விடும். போதிய திறனுள்ள இறக்கு மின்மாற்றி வேண்டும். பல சாலினாய்டுகள் ஒன்றாகப் பலமாக அடிக்கும் கணத்தில் மின்னோட்டம் எகிறும். பிளாப்பி டிஸ்க் இருந்தால் இன்றே நகல் எடுத்துவிடுங்கள், காந்தப் பூச்சு காலத்துக்கு நிற்காது.

நானே சிடியோடு சேர்ந்து வாசித்துப் பதிவு செய்யலாமா?

தாராளமாக. பியானோஸ்மார்ட் உள்ள கருவியில் சிடியை ஓடவிட்டுக் கூடவே வாசித்தால், உங்கள் வாசிப்பு அந்தச் சிடியோடு பிணைந்து சேமிக்கப்படும். அடுத்த முறை சிடியைப் போட்டதும் கட்டைகள் தாமாக இறங்கும். காலப்பிரமாண வரைபடம், கணக்கு எதுவும் வேண்டாம், உங்கள் விரல்களே பாட்டைப் பின்தொடர்ந்திருக்கும்.

என் மகள் பள்ளி இறுதியாண்டில் ஒரு சிடியோடு இப்படி மூன்று பாட்டு வாசித்து வைத்தாள். இப்போது வெளியூரில் இருக்கிறாள். அந்தச் சிடியைப் பியானோ இருக்கையின் உள்ளே தனியாக வைத்திருக்கிறேன். உறைமேல் அவள் கையெழுத்தில், “அப்பா, வேறு பிரதியைப் போடாதீர்கள், பொருந்தாது” என்று எழுதியிருக்கிறது.